காசல்ரீயில் விமானம் இறங்குமா?

கனடாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இலங்கை விமான நிலையங்களின் பட்டியலொன்றில் ஹட்டனுக்குப் பக்கத்தில் காசல்ரீ என்ற பெயரைப் பார்த்தாராம். அது உண்மையா, உண்மை என்றால் ஏன் அங்கே பெரிய விமானம் வருவதில்லை, மலையகத்தில் ஓர் ஓடுபாதை போட யாருக்கும் மனமில்லையா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, வான் வண்டியில் ஏறினால் வழியில் கித்துல்கலை தாண்டியதுமே வாந்தி, சாவதற்கு முன் பொகவந்தலாவையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். வளைவுகள் இல்லாமல் அம்மாவை ஊருக்குக் கொண்டுபோக வழி உண்டா? மற்ற மூன்றையும் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் விமானி இல்லை. விமானம் ஓடுகிற தரையைப் போடுகிறவன். சிவில் பொறியியலில் 26 வருஷம், அதில் பெரும்பகுதி வளைகுடாவில், ஓடுபாதை வேலை. அங்கே தரை கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை, மழை கிடையாது, எங்கள் தலைவலி எல்லாம் சூடும் மணலும்தான். பிறந்தது டிக்கோயா பக்கத் தோட்டம் ஒன்றில். லீவில் வரும்போதெல்லாம் தேயிலை மலையைப் பார்த்து ‘இங்கே எங்கே ஒரு கோடு இழுக்கலாம்’ என்று மனசுக்குள் அளந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதனால் தரை, நீளம், உயரம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். டிக்கெட் விலை, அரசியல் பற்றிச் சொல்வதை ஒரு ஊர்க்காரனின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காசல்ரீ பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் அங்கே கட்டடமும் இல்லை, ஓடுபாதையும் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. நம் ஆட்கள் ‘காசல்ரீ டேம்’ என்று சொல்லும் அதே நீர்த்தேக்கம். களனி கங்கையின் கிளையான கெஹெல்கமு ஓயாவை 1960களில் மறித்து, கீழே நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். மிதவை பொருத்திய செஸ்னா கரவன் விமானங்கள் இதன்மேல் இறங்குகின்றன. ஒற்றை எஞ்சின், எட்டுப் பேர் அளவில் ஏறலாம். சினமன் எயார் என்ற நிறுவனம் 2013இலிருந்து இந்த மாதிரி விமானங்களை ஓட்டுகிறது. கண்டிக்குப் போகிறவர்கள் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இறங்குவதும் இதே முறைதான். நீரில் இறங்குவது இலங்கைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் கொக்கல வாவியில் கட்டலினா விமானங்கள் நின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு அறிவித்தது அங்கிருந்து கிளம்பிய விமானம்தான்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மலையகத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மேடு பள்ளமில்லாத தட்டையான இடம் என்று தேடினால் கிடைப்பது அநேகமாக இந்த நீர்த்தேக்கங்கள் மட்டும்தான். அதுவும் இயற்கை தந்ததல்ல, பள்ளத்தாக்கை மூழ்கடித்துப் பெற்றது. பக்கத்து மவுசாகலையில் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலின் சிதைவுகள் வெளியே வரும், சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். நம் தாத்தாமார் கொழுந்து பறித்த பள்ளத்தாக்குகள் மேல்தான் இந்த விமானங்கள் இறங்குகின்றன.

ஆனால் அந்தத் தண்ணீர் விமானத்துக்காக அங்கே இல்லை, மின்சாரத்துக்காக இருக்கிறது. மாசி, பங்குனியில் மழை குறைந்து மின்சாரத் தேவை கூடும்போது மட்டம் கீழே போகும். கரையில் செம்மண் சேறு அகலமாகத் தெரியும், விமானம் இறங்கும் பரப்பு சுருங்கும். ஓடுபாதை சுருங்கியது என்று வளைகுடாவில் யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்னொரு வேடிக்கை, தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தால் நமக்கு அழகு, விமானிக்குத் தொல்லை. நீரின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் மட்டிட முடியாது. கிளம்பும்போதும் மிதவையைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு விடாது. மெல்லிய அலை இருப்பதுதான் நல்லது. இதை எனக்குச் சொன்னவர்கள் விமானிகள், நான் வெறும் காதால் கேட்டவன். ஆனால் தண்ணீரின் பிடிமானம் பற்றிய இயற்பியல் அவர்கள் சொன்னதோடு சரியாகப் பொருந்துகிறது.

சரி, பெரிய விமானம் ஏன் இல்லை? ‘மலை இருக்கிறது, அதனால் இல்லை’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிப் பதில். மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெல்லிய காற்றில் இறக்கைக்கு அதே தூக்குவிசை வேண்டுமென்றால் இன்னும் வேகமாக ஓட வேண்டும், ஆனால் எஞ்சினுக்கும் காற்றுக் குறைவதால் வேகம் பிடிக்க அதிக நேரம் எடுக்கும். இரண்டும் சேர்ந்து ஓடுபாதையை நீட்டிவிடும். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்தில் தேவைப்படும் நீளத்தை, ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 வீதம் கூட்ட வேண்டும். அப்புறம், அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய பொது வெப்பநிலையைவிட எத்தனை பாகை சூடோ, அத்தனை வீதம் இன்னும் கூட்ட வேண்டும். நுவரெலியாவை எடுத்துக்கொள்வோம். 1,868 மீட்டர். உயரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 44 வீதம். அந்த உயரத்தில் கணக்கின்படி இருக்க வேண்டிய வெப்பம் 3 பாகை, ஆனால் வெயில் நாளில் 20 பாகை இருக்கும், ஆக இன்னொரு 17 வீதம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்கினால் 1.68 மடங்கு. நமக்கு ஸ்வெட்டர் போடும் குளிர், விமானத்துக்கு அது சூடான நாள். அந்த நாளில் நுவரெலியா ரேஸ் கோர்ஸில் நிற்கும் விமானத்துக்குக் கிடைக்கும் காற்று கிட்டத்தட்ட 2,490 மீட்டரில் உள்ள காற்று, அதாவது பக்கத்தில் நிற்கும் பீதுருதாலகாலை உச்சியின் உயரம். விமானம் கீழே நின்றாலும் அதன் எஞ்சின் மலை உச்சியில் நிற்கிறது.

2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து எழுபது பேர் அளவில் ஏறும் ஏடிஆர்-72 விமானம் வந்தபோது அங்கே 1,400 மீட்டர் ஓடுபாதை போதுமானதாக இருந்தது, ஏனென்றால் யாழ்ப்பாணம் கடல் மட்டம். அந்த விமானம் முழு எடையோடு கிளம்ப வேண்டிய 1,300 மீட்டரை 1.68ஆல் பெருக்குங்கள், 2,180 மீட்டர் வருகிறது. 1,230 மீட்டர் உயரமுள்ள பண்டாரவளையில் போட்டாலும் 2,000க்குக் கிட்ட. இது முதல் மதிப்பீடுதான். கூட்டும் வீதம் 35ஐத் தாண்டினால் அந்த இடத்துக்கென்று தனி ஆய்வு செய்ய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஆனால் ஆய்வு வந்து 2,000ஐ 1,000 ஆக்கிவிடப் போவதில்லை.

நீளம் கிடைத்தாலும் சரிவு விடாது. இந்த அளவு விமானத்துக்கான ஓடுபாதை எந்த இடத்திலும் 1.5 வீதத்துக்கு மேல் சரியக் கூடாது, முழு நீளத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 1 வீதத்துக்கு மேல் கூடாது. அதாவது நீளத்தைக் குறைத்து 1,700 மீட்டர் என்று வைத்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அதிகபட்ச உயர வித்தியாசம் 17 மீட்டர். நம் தேயிலை மலையில் 17 மீட்டர் இறங்க எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும்? லயத்து வீட்டிலிருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போகிற தூரம்! மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். நிரப்பிய மண்மேல் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும். மண்சரிவு எப்படி வரும் என்று மலையகத்தானுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெட்டி நிரப்பிய மண்மேல் வீடு கட்டவே பயப்படுகிறோம்.

அப்புறம் காணி. ஓடுபாதை என்றால் தார் போட்ட பட்டி மட்டுமல்ல, இரண்டு பக்கமும் தடையில்லாத நிலம் வேண்டும். 1,700 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம் என்று குறைத்தே வைத்தாலும் 63 ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச். நம் சனத்துக்கு வீடு கட்ட என்று பேசப்படும் 7 பேர்ச் காணியால் வகுத்தால் 1,440 குடும்பத்துக்கான காணி. அதுவும் மலையில் கிடைக்கும் தட்டையான காணி. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் பேசியபோது மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். அவற்றுக்கு இடம் தேடுவது எவ்வளவு இழுபறி என்று தோட்டத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். ‘ஓடுபாதை போட யாருக்கும் மனமில்லையா’ என்று தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான்: 63 ஏக்கர் தட்டை நிலம் என் கையில் இருந்தால் நான் ஓடுபாதை போட மாட்டேன். ஓடுபாதை போட்டே சாப்பிட்டவன் சொல்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது நேபாளத்து லுக்லாவைக் காட்டுவார்கள். உண்மை, 2,845 மீட்டர் உயரத்தில் 527 மீட்டர் ஓடுபாதையில் விமானம் இறங்குகிறது. ஆனால் அது 11 வீதத்துக்கு மேல் சரிவாகப் போட்டது. மேட்டுப் பக்கம் பார்த்துத் தரையிறங்கும், பள்ளத்துப் பக்கம் ஓடிக் கிளம்பும், ஒரே பக்கம்தான், தவறினால் திரும்பப் பறக்க இடமில்லை. எவரெஸ்ட் ஏறப் போகிறவர்களுக்கு நாள் கணக்கில் நடப்பதற்கு அது ஒரே மாற்று. நமக்கு ரோடு இருக்கிறது, கோச்சி (ரயில்) இருக்கிறது. இன்னும் பொருத்தமான உதாரணம் இமாசலத்தின் சிம்லா. மலை உச்சியைச் செதுக்கி 1,200 மீட்டர் அளவில் ஓடுபாதை போட்டார்கள். உயரமும் நீளமும் ஒத்துவராததால் சிறிய ஏடிஆர்-42 கூட இருக்கைகளை நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியாத நிலை. தமிழ்நாட்டில் பாருங்கள், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் விமான நிலையம் இல்லை. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இறங்கி மேலே ஏறுகிறார்கள்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. மலையகம் ஒன்றல்ல, இரண்டு. வைகாசி முதல் ஆவணி வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மழையும் முகிலும் கலந்து குடையை மடிக்க விடாது. அதே நாளில் மலையைத் தாண்டிப் பண்டாரவளை, தியத்தலாவை பக்கம் வானம் வெளுத்து, கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கும். வெயில் இருப்பதால் ஊவாப் பக்கம் விமானத்துக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் மலைமுகட்டைத் தாண்டி விழும் காற்று அருவி மாதிரி, மறுபக்கத்தில் சுழலும். தியத்தலாவையில் விமானப்படைத் தளம் உண்டு, ஆனால் அது பயிற்சிக்கானது, பயணிகளுக்கானதல்ல. 2020 ஜனவரி 3ஆம் திகதி வீரவிலவிலிருந்து கிளம்பிய விமானப்படையின் வை-12 என்ற சிறு விமானம் அப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்தார்கள். அந்த விபத்தைக் காற்றின் தலையில் நான் கட்டவில்லை. நிலப்பரப்பு எவ்வளவு குறைவான இடம் விடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹட்டன்காரர்களுக்கு விமானம் என்றாலே நினைவு வருவது வேறொன்று. 1974 டிசம்பர் 4, இரவு. ஹஜ் யாத்திரிகர்களோடு இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து வந்த மார்ட்டினெயார் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். கட்டுநாயக்கவில் இறங்க வேண்டிய விமானம் அது. தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே முன்கூட்டியே இறங்கிவிட்டார்கள் என்பது விசாரணையின் முடிவு. நான் அப்போது சின்னப் பையன். லயத்துப் பெரியவர்கள் பல நாள் அந்த மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசியது நினைவிருக்கிறது. அந்த விபத்தினால்தான் இங்கே விமான நிலையம் வரவில்லை என்று ஒரு கதை ஊரில் உண்டு. அது பிழை. நான் மேலே போட்ட கணக்கு 1974க்கு முன்னாலும் அதேதான்.

இனி, உறுதியில்லாத பகுதி. குண்டசாலையில் உள்ளூர் விமான நிலையம், பண்டாரவளையில் இன்னொன்று என்று தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வருகிறது. குண்டசாலை 500 மீட்டருக்கும் கீழே, மகாவலிக்கரை, ஓரளவு தட்டை. பொறியியலாக அது முடியாத காரியம் அல்ல. பண்டாரவளை சிரமம். ஆனால் கட்டிய பின் யார் ஏறுவார்கள் என்பது வேறு கேள்வி. மத்தள விமான நிலையத்தின் 3,500 மீட்டர் ஓடுபாதை 2013இலிருந்து பயணிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் ரோடும் ரயில்பாதையும் அறுந்து ஊர்கள் தனித்துப் போனபோது ஓடுபாதை இருந்திருந்தால் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வாரம் காப்பாற்றியது ஹெலிகொப்டர். அதற்கு வேண்டியது ஒரு பாடசாலை மைதானம், முகில் விலகிய அரை மணி நேரம். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் கம்பியும் மரமும் இல்லாத ஒரு மைதானத்தைப் பேணி வைப்பதுதான் மலையகத்தின் விமான நிலையக் கொள்கையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேறு பொறியியலாளர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

இப்போது அம்மா. தம்பி, முடியும், ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துப் பறப்பவை. கனடாவிலிருந்து நடுச்சாமத்தில் கட்டுநாயக்கவில் இறங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு ராத்திரி நீர்கொழும்பில் தங்குவது நல்லது. பின்னேரத்தில் மலையில் இடி மழை கட்டும், அதுவும் சித்திரையிலும் ஐப்பசியிலும் அநேகமாகத் தினமும், ஆகவே காலைப் பயணமாகப் பாருங்கள். வானிலை சரியில்லை என்று ரத்துச் செய்தால் சண்டை பிடிக்காதீர்கள், அது நல்ல விமானி. பொதியின் எடைக்குக் கட்டுப்பாடு உண்டு, ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்களை ரோட்டால் வான் வண்டியில் அனுப்புங்கள். மாசி, பங்குனியில் போவதென்றால் நீர்மட்டம் எப்படி, விமானம் இறங்குகிறதா என்று நிறுவனத்திடம் முதலே கேளுங்கள்.

முழங்கால் விஷயம்தான் முக்கியம். இந்த விமானத்தில் ஏணிப்படி ஒடுக்கம், இறங்குவது மிதக்கும் மேடையில், அது ஆடும். இரண்டு பேர் கைபிடிக்க வேண்டிவரும். கபின் அழுத்தம் கட்டுப்படுத்தப்படாத விமானம், மலையைத் தாண்ட உயரம் ஏறும்போது காதடைக்கும். இதயம், மூச்சு சம்பந்தமான நோய் இருந்தால் கனடாவிலேயே டொக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அதில் என் பேச்சு எடுபடாது. பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்று முன்பின், காற்று இருந்தால் குலுங்கும். வாந்தி வராது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இறங்கியபின் பொகவந்தலாவைக்கு மறுபடி ரோடுதான், வளைவுகள்தான், ஆனால் நாலைந்து மணி நேரமல்ல, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தூரம்.

காசைப் பார்த்துத் தயங்கினால் கோச்சி இருக்கிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டன்வரை வளைவு உண்டு, ஆனால் ரயில் வளைவில் வாந்தி வருவது குறைவு. எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, வடை வரும். புயலுக்குப் பிறகு மலைநாட்டுப் பாதையில் எந்தப் பகுதி ஓடுகிறது என்று மட்டும் கிளம்புகிற வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் அம்மாவாக இருந்தால் போகும்போது ரயிலில் கூட்டிப்போய், உடம்பு ஒத்துழைத்தால் திரும்பும்போது விமானம் ஏற்றுவேன். விமானத்திலேயே போவதென்று முடிவானால், போகும்போது வலப்பக்க ஜன்னலை அம்மாவுக்குக் கொடுங்கள். முகில் இல்லாத காலையில் சிவனொளிபாதமலை அந்தப் பக்கம்தான் தெரியும்.